எலி கடித்த காரும் எங்கள் நாலாம் லைனும்

செப்டம்பர் 6, சனி

கார் வந்துவிட்டது! தானாக ஓடி வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டின் அடித்தளத்தில் ஒரு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்ததை, மினி லாரிக்குப் பின்னால் கயிறு கட்டிப் பம்மல் வரைக்கும் இழுத்து வந்தோம். ஸ்டீயரிங்கில் நான். லைசென்ஸ் வாங்கிய பிறகு என் முதல் சவாரி இன்னொரு வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான். இருக்கட்டுமே. ரேடியல் ரோடு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் பானட்டைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. வயர் கடித்திருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். இவ்வளவு என்று சொல்லவில்லை. உள்ளே எலிக்கூடு. கந்தல், பஞ்சு, நடுவில் பொட்டுக்கடலையும் நமுத்த பொரியும். போன வருஷ ஆயுத பூஜைக்கு அந்த வீட்டுக்காரர் இன்ஜின் மேலேயே பொரியை இறைத்து அப்படியே மூடியிருக்கிறார்! விருந்துக்கு வந்த எலி குடித்தனமே நடத்தியிருக்கிறது.

டைல்ஸ் ஒட்டும் வேலை முடிந்து தலையெல்லாம் சிமென்ட்டோடு கதிரேசன் வந்தார். எட்டிப் பார்த்தார்.

"எலிக்குக் காரு வாங்கிக் குட்த்த ஒரே பொண்டாட்டி என் பொண்டாட்டிதான்."

இருக்கட்டும், நாளைக்குப் பேசிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று கம்பெனி வேனில் எல்லோரும் காரைப் பற்றியே கேட்டார்கள். நான்தானே வாயைக் கொடுத்தேன். பம்மலுக்கு வரும் வேன் ஆயுத பூஜை லீவோடு நிற்கப்போகிறது, அக்டோபர் ஆறிலிருந்து மறைமலைநகருக்கு அவரவர் வழியில் வர வேண்டும் என்று போர்டில் ஒட்டினார்களே, அன்றைக்கே எங்கள் நாலாம் லைனில் வேலை பார்க்கும் ஏஞ்சலின் முகம் செத்துவிட்டது. ஷிப்ட் ஆறு மணிக்கு. இருட்டில் கிளம்பி ஸ்டேஷனுக்கு நடந்து முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். நானும் அதே லைன் அம்மணி அக்காவும் எழிலும் எப்படியாவது வந்துவிடுவோம். ஏஞ்சலின் அப்பா சாலமோன் அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேன் நின்னா வேலையும் நின்னுச்சி."

அவரைக் குறை சொல்ல முடியாது. போன மாதம் அந்த ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பெண்ணின் செயினை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆனால் ஏஞ்சல் வீட்டில் உட்கார்ந்தால்? அந்தப் பெண்ணுக்கு வேலை என்றால் உயிர். அதனால்தான் வேனில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், நான் கார் வாங்குகிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று.

சொல்லியாகிவிட்டது. இப்போது அது ஓட வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒர்க்‌ஷாப் ஜெயவேலு அண்ணன் வந்து பார்த்தார். "கடிச்ச எடத்த ஒட்டுனா நாளைக்கே புட்டுக்கும்மா. முன்பக்க வயரிங் மொத்தமும் புச்சாப் போடணும். தீபாவளி முடியட்டும், பண்ணலாம்."

தீபாவளி முடிந்தா? அதற்குள் ஏஞ்சல் வீட்டில் மாப்பிள்ளையே பார்த்துவிடுவார்கள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அடியே ஜீவிதா, நீ ஒன்பது வருஷமாக என்ன வேலை பார்க்கிறாய்? காருக்குள் போகிற வயர் கட்டுகளைத்தானே செய்கிறாய்! அங்கே அதற்கு ஹார்னஸ் என்று பெயர். இதுவரை எத்தனை ஆயிரம் என் கை வழியாகப் போயிருக்கும்! ஆனால் எனக்குத் தெரிந்தது டேப் சுற்றுவது மட்டும்தான். எந்த வயர் எங்கே போகிறது என்று கேட்டால் முழிப்பேன். வயர் முனையில் பின்னை வைத்து அழுத்துவது அம்மணி அக்கா. அதைக் கனெக்டரில் செருகுவது எழில். கடைசியில் கரண்ட் விட்டுப் பார்ப்பது ஏஞ்சல்.

நாலு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள்!

செப்டம்பர் 10, புதன்

அந்த ஹார்னஸை நாமே செய்யலாமா என்று வேனில் கேட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேரும் சரி என்றார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஷிப்ட் முடிந்து நேராகப் பல்லாவரம் சந்தை. கம்பெனியிலிருந்து ஒரு முழம் டேப்கூட எடுக்க மாட்டோம், அது பாவம், அதுவுமில்லாமல் கேட்டில் பையைப் பார்ப்பார்கள். சந்தையில் இல்லாததா? வயர், கனெக்டர், துணி டேப் எல்லாம் கிடைத்தது. கடைக்காரர் நீட்டிய டேப்பை அம்மணி அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம டேப் இல்ல, வெயிலுக்கு ஒழுவும், வேற எடு" என்றார். கடைக்காரருக்கு ஆச்சரியம். எனக்குப் பெருமை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இப்படி ஒரு ஞாயிறு வந்ததே இல்லை. மாதா கோயில் பூசை முடிந்து ஏஞ்சல் நேராக வந்தாள். ஜெயவேலு அண்ணன் பழைய வயர் கட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "ஜாக்கிரதம்மா" என்று போய்விட்டார். கதிரேசன் எங்கிருந்தோ ஒரு பெரிய பிளைவுட் கொண்டுவந்தார். அதன்மேல் பழைய கட்டைப் படுக்கவைத்து, சாக்பீஸால் சுற்றி வரைந்து, வளைவுக்கு வளைவு ஆணி அடித்தோம். கம்பெனியில் இருக்கும் அதே போர்டு, எங்கள் வாசலில்!

அவரவர் இடத்தில் நின்றுவிட்டோம், யாரும் சொல்லாமலே. அம்மணி அக்கா, எழில், நான், கடைசியில் ஏஞ்சல். பக்கத்து வீட்டு ஹேமாவதி அக்கா டீ கொண்டுவந்து, "இன்னாடி, கம்பெனியையே தெருவுக்குக் கொண்டாந்துட்டீங்க?" என்றார்.

கடிபட்ட வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே நிறத்தில் புதிது போட்டோம். பாதி ஆகிவிட்டது. பாதி!

செப்டம்பர் 17, புதன்

விரல் நுனியெல்லாம் எரிகிறது. சந்தோஷமாகத்தான் எரிகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மத்தியானம் கட்டு தயார். அவ்வளவு அழகு. நான் சுற்றிய டேப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. ஏஞ்சல் பல்பை வைத்து ஒவ்வொரு முனையாகத் தொட, எல்லாம் எரிந்தது. கைதட்டிவிட்டு நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலக் காருக்குள் இறக்கினோம்.

ஸ்டீயரிங் பக்கம் போக வேண்டிய கிளை எட்டவில்லை.

இழுத்துப் பார்த்தோம். அது எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு எங்களைப் பார்க்கிறது. ஏஞ்சல்தான் முதலில் கண்டுபிடித்து வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அக்கா... நம்ம லைன் எக்ஸ்போர்ட் லைன்க்கா."

எங்கள் கட்டெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறவை. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். சாக்பீஸ் கோடு வலது பக்கம் போ என்கிறது, எங்கள் கை பழக்கத்தில் இடது பக்கம் பிரித்துவிட்டது. ஒருத்திகூடக் கோட்டைப் பார்க்கவில்லை! அம்மணி அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

செப்டம்பர் 22, திங்கள்

நேத்து சிரிச்சிட்டேன். இன்னிக்கி அழுவையா வருது. டேப் மொத்தத்தையும் பிரிக்கணும். இருக்கிறது ரெண்டே ஞாயிறு. எதுக்கு இந்த வேலை எனக்கு? எல்லார் எதிர்லயும் பெருசா சொன்னேனே— முடியலன்னா அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?

கதிரேசன் ஒன்றும் கேலி பண்ணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார். அவர் கேலி பண்ணாததுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஓடிச்சு! ஓடிச்சு! ஓடிச்சு!

நிதானமாக எழுதுகிறேன். இந்தத் தடவை ஸ்டீயரிங் பக்கத்தில் கதிரேசனின் லுங்கியை ஆணியில் மாட்டிவிட்டோம், கை மறந்தாலும் கண் பார்க்கட்டும் என்று. கிளை சரியாகப் போய் உட்கார்ந்தது. ஜெயவேலு அண்ணன் வந்து பேட்டரியை மாட்டி, எல்லா இடத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, "போடும்மா சாவிய" என்றார். ஒரு இருமல், இரண்டு இருமல், மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. எழில் தெருவில் ஆடியே விட்டாள். ஹெட்லைட் எரிகிறது, இண்டிகேட்டர் கண்ணடிக்கிறது, வைப்பர் ஆடுகிறது.

ஹார்ன் மட்டும் ஊமை. இருட்டும் வரை பார்த்தோம். ஏஞ்சல் செக் பண்ணிவிட்டாள், வயர் கட்டில் குறை இல்லையாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஹார்ன் இல்லாமல் மறைமலைநகர் போகிற ஜிஎஸ்டி ரோட்டில் போவதா? லாரிக்காரன் நசுக்கிவிட்டுப் போவான். சாலமோன் அண்ணன் ஏஞ்சலிடம், "ஹார்ன் கூட இல்லாத வண்டியில நான் அனுப்பவா?" என்று கேட்டாராம்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காரைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டாகிவிட்டது. பொரித் தட்டோடு ஹேமாவதி அக்கா பானட் பக்கம் போனார். நான் போட்ட கத்தலில் தட்டே ஆடிப்போனது. பொரி இந்த வருஷம் மனுஷர்களுக்கு மட்டும்.

ஏஞ்சல் வந்தாள், பின்னாலேயே அவள் அப்பாவும். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். தோல் கம்பெனியில் முப்பது வருஷம் நின்ற மனிதர், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். ஏஞ்சல் டார்ச்சை அடித்துக்கொண்டு முன்பக்க கிரில் கம்பிக்குப் பின்னால் தலையை நுழைத்தாள்.

"கதிரேசண்ணா, இந்த போல்ட்டுக்குப் பெயின்ட் அடிச்சது யாரு?"

கதிரேசன் விழித்தார். கட்டைப் பிரித்துப் போட்டிருந்த வாரத்தில், வெறும் வண்டி துருப்பிடித்து நிற்கிறதே, பூஜைக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று மீந்த சில்வர் பெயின்ட்டை அடித்திருக்கிறார். அந்த போல்ட்டில்தான் ஹார்னின் எர்த் வயர். பெயின்ட்டுக்கு மேல் மாட்டினால் கரண்ட் எப்படிப் போகும், ஹார்ன் எப்படிப் பேசும்? அவரே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துக் கொடுத்தார். ஏஞ்சல் மாட்டினாள். நான் அமுக்கினேன்.

பாம்ம்ம்! தெருவே திரும்பிப் பார்த்தது.

சாலமோன் அண்ணன் மெதுவாகக் கேட்டார், "கம்பெனியிலயும் இத்தான் பண்றியா நீ?"

"தெனிக்கும் இத்தாம்பா."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஏஞ்சலுக்கு போன் பண்ணினேன். "அப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாருக்கா." பெட்ரோல் போட்டாயிற்று. இனி என் கையில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

கம்பெனி கேன்டீனில் டீ நேரத்தில் எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே அம்மணி அக்காவையும் எழிலையும் ஏற்றிக்கொண்டேன். ஏஞ்சலின் தெருவில் திரும்பினேன். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஹார்ன் அடிப்பதா, வேண்டாமா? அக்கம்பக்கத்தில் தூங்குகிறார்கள். அடித்தால் அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டால்? அடிக்காமலே போய்விட்டால்?

அடித்தேன்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. கதவு திறக்கவில்லை. ஆனால் சாலமோன் அண்ணனின் குரல் தெருமுனை வரை கேட்டது:

"வந்துகினே கீறா! சோறு கட்டிகினு கீறேன், ரெண்டு நிமிசம் நில்லும்மா!"

காருக்குள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்னொரு தடவை ஹார்ன் அடித்தேன். தேவையே இல்லை, சும்மாதான்.