ஒரு விசிறி மட்டும் சுத்தமாக

மார்ச் 4

இன்று பிற்பகலும் மகளின் கம்ப்யூட்டர் ஆட்டத்தின் நடுவே அணைந்து போனது. அணைவதற்கு முன் அது போடுகிற இரைச்சலில் என் தூக்கம் போனது. முப்பத்தொன்பது வயதில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத நால்வரோடு சேர்ந்து துப்பாக்கி விளையாட்டு. படம் தெளிவாகத் தெரிய ஒரு கிராபிக்ஸ் கார்டு போதாதாம், இரண்டு. ஒவ்வொன்றும் செங்கல் அளவு. இரண்டும் சேர்ந்து அறையை அடுப்படி ஆக்குகின்றன.

"ஒரு புருஷனை வச்சுக் காப்பாத்தத் தெரியல, ரெண்டு கார்டு கேக்குது" என்றேன்.

"ஹெட்போன் போட்டிருக்கேன்மா. திட்றதெல்லாம் வீணாப் போகுது, கழட்டினதும் சொல்லு."

கழற்றியதும் மறுபடி சொன்னேன்.

மார்ச் 7

ரிப்பேர்க்காரர் வந்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டில் இவ்வளவு தூசி!

அவர் பொறுமையாக விளக்கினார். முன்பக்கத்து இரண்டு விசிறிகள் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்கத்து ஒற்றை விசிறி சூட்டை வெளியே தள்ள வேண்டும். "ரெண்டு கார்டும் ஒட்டி ஒட்டி இருக்கும்மா. கீழ இருக்கறது விடற சூட்டை மேல இருக்கறது மூச்சா இழுக்குது. தொண்ணூத்தி மூணு டிகிரி. அணையாம என்ன செய்யும்?"

கீழ்க் கார்டை ஒரு படி இறக்கிப் பொருத்தினார். குறுக்கே கிடந்த வயர்களை ஓரமாகக் கட்டினார். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். கார்டுகளையும் முன்வலையையும் காற்றடித்துச் சுத்தம் செய்தவர், விசிறி இறக்கைகளை அப்படியே விட்டுவிட்டார். கருப்பு மெழுகு போல அப்பியிருந்தது.

"இதைத் துடைக்கலையா?"

"அது ஒட்டிப் போச்சும்மா. காத்துக்கு ஒண்ணும் ஆகாது."

காற்றுக்கு ஆகாது. எனக்கு ஆகும். துணியை எடுத்து வந்தேன். மகள் தடுத்தாள். "அம்மா, தயவுசெஞ்சு கை வைக்காத."

மார்ச் 8

அவர் சொன்னார் என்பதற்காக நம்பிவிட முடியுமா? எங்கள் கான்வென்டில் அறிவியல் எடுத்த சிஸ்டர், சோதித்துப் பார்க்காத எதையும் நோட்டில் எழுதவிடமாட்டார். டிஷ்யூ தாளை விரல் அகலத்தில் கிழித்து முன்வலை அருகே பிடித்தேன். வலையோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் பிடித்தேன். வெளியே பறந்தது. சரி.

ஆனால் முன்வலையின் கீழ்ப்பாதியில் தாள் அசையவே இல்லை. குனிந்து பார்த்தால், மேசைக்கு அடியில் அவள் அடுக்கிய புத்தக மூட்டை காற்றை மறித்துக்கொண்டிருந்தது. நகர்த்தினேன். எண்பத்தொன்றில் நின்றிருந்த சூடு எழுபத்தேழுக்கு இறங்கியது. ரிப்பேர்க்காரர் கண்ணில் படாதது.

"எங்கம்மாவுக்குப் போய் இவ்வளவு மூளையா" என்று கன்னத்தைக் கிள்ளினாள். கையைத் தட்டிவிட்டேன்.

மார்ச் 12

எழுபத்தாறு. சாப்பிடும்போது என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

மார்ச் 15

பெட்டியைக் குளிர்விக்க இத்தனை அவசரம் எதற்கென்று இன்று தெரிந்தது.

அவர்கள் குழுவின் தலைவி வேறு ஊரில் இருக்கிறாள், இவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஸ்பீக்கரில் பேசினாள். "இருபத்தொம்பதாம் தேதி ஞாயிறு, மூணு மணி. மூணு மணி நேரம் நிக்காம ஆடணும்க்கா. தேறிட்டா பல் ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு இங்க வந்துடுங்க. நாங்க ஆடற ஹாலுக்கு மேலயே தங்கலாம்."

இவள் எழுந்து நின்று பேசினாள், ஏதோ பெரிய அதிகாரியிடம் பேசுவது போல.

அப்படியானால், என் கையாலேயே புத்தக மூட்டையை நகர்த்தி வழியனுப்பி இருக்கிறேன்.

"தினம் போன் பண்றேன்மா."

"எடுக்க எனக்கு நேரம் இருக்காது" என்றேன்.

போகாதே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இவள் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் சொல்லவில்லை. எழுபத்தொரு வயதில் புதிதாகப் பழகவா?

மார்ச் 19

"கட்டிக்கிட்டுப் போன வீட்டிலேயே நாலு வருஷம்தான் தாக்குப் பிடிச்சே. இவங்க எத்தனை மாசத்துல திருப்பி அனுப்புவாங்க?"

தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "அங்க மாமியார் அப்படியே உன்ன மாதிரி. அதான் நாலு வருஷம் தாங்கினேன். பழக்கம்."

தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 29, காலை

மகள் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறாள். முகம் காட்ட வேண்டிய ஆட்டமாம்.

தையல் மிஷினின் சின்னத் திருப்புளி போதுமானதாக இருந்தது. பின்பக்கத்தில் நான்கு திருகுகள். விசிறியின் ஓரத்திலேயே, காற்று எந்தப் பக்கம் போகும் என்று காட்டும் அம்புக்குறி இருக்கிறது. அம்பு வெளியே பார்த்திருந்தது. உள்ளே பார்க்கத் திருப்பினேன். இப்போது மூன்று விசிறிகளும் உள்ளே இழுக்கும். சூடு வெளியே போக வழியில்லை.

இருபது நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது. அந்த இறக்கைகளைத் துடைக்கத்தான் நேரம் ஆனது. ஏழு இறக்கை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாக.

தாளைப் பிடித்துப் பார்த்தேன். பின்வலையோடு ஒட்டிக்கொண்டது.

தெருவில் இரைச்சல் என்று ஜன்னலையும் சாத்தினேன்.

அதே நாள், மாலை

முதல் முக்கால் மணி நேரம் அவள் குரல் துள்ளியது. பிறகு பெட்டி உறுமத் தொடங்கியது. "படம் நின்னு நின்னு வருது... பரவால்ல, பரவால்ல, நீங்க போங்க, நான் சத்தத்தை வச்சு சொல்றேன்." சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரே மடிப்பை மூன்று தரம் பிரித்தேன். இரண்டரை மணி நேரம் விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். ஐந்தரைக்குப் பெட்டி அணைந்து எல்லாம் அடங்கியது.

தண்ணீர் கொண்டு போனேன். வெட்டிய முடி கழுத்தில் வியர்வையோடு ஒட்டியிருந்தது.

"தலையில எழுதினதுதான் நடக்கும்" என்றேன்.

என் மடியில் தலையை வைத்து அழுதாள். பத்து வயதுக்குப் பிறகு இன்றுதான். கனமாக இருந்தது. நன்றாக இருந்தது.

மார்ச் 31

மேசையில் இரண்டு தட்டு. வழக்கம் போல.

ஏப்ரல் 2

பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கைகூடக் கழுவாமல் என்னை அறைக்குக் கூப்பிட்டாள். பக்கத் தகடு கழற்றிக் கிடந்தது. டிஷ்யூ தாளைக் கிழித்துப் பின்வலையில் பிடித்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே, விரல் அகலத்தில். ஒட்டிக்கொண்டது.

"முன்னாடி ரெண்டு ஃபேனும் கருப்பா இருக்கு. பின்னாடி இருக்கறது மட்டும் கடையிலேர்ந்து வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு. நாலு ஸ்குருவும் ஒரே கோணத்துல நிக்குது. உலகத்துலயே ஒரே ஒருத்தர்தான் ஸ்குருவைக்கூட வகிடு எடுத்து நிறுத்துவாங்க."

கீழே விழுந்த தாள் துண்டைப் பொறுக்கினேன்.

"அழுக்கோட மாட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"அழுக்கோட எப்படி மாட்டறது?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று... வேறு என்ன சொல்வது? யாரோ செய்தது என்றா? நான் பொய் பேசி வளர்ந்தவள் இல்லை.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இதற்கு முன் கேட்டதில்லை. "உங்க மடியில படுத்து அழுதேன். நீங்க தலையைத் தடவிக் குடுத்தீங்க."

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றவள். இன்று 'நீங்க'. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல.

ஏப்ரல் 5

அவள் அழுக்கு விசிறிகளையும் சுத்தமான விசிறியையும் படம் எடுத்துத் தலைவிக்கு அனுப்பியிருக்கிறாள். தலைவி அழைத்தாள். மகள் ஸ்பீக்கரை நான் கேட்கும்படி வைத்தாள். வேண்டுமென்றேதான்.

"அக்கா, இந்தச் சூட்டுலயா ரெண்டரை மணி நேரம் ஆடினீங்க? படமே வராம, காதை வச்சே? நல்ல மிஷின்ல ஆடறவங்க எங்ககிட்ட நிறைய இருக்காங்க. எனக்கு நீங்கதான் வேணும்." பிறகு, கொஞ்சம் தயங்கி: "யாருக்கா இதைச் செஞ்சது?"

"வீட்டைச் சுத்தம் பண்றவங்க" என்றாள் மகள், என்னைப் பார்த்துக்கொண்டே. "ரொம்ப சுத்தமானவங்க."

ஏப்ரல் 11

போனாள். ரிப்பேர்க்காரர் புது விசிறி மாட்டி, பெட்டியை அட்டையில் கட்டி ஏற்றிவிட்டார். வாசலில் அவரிடம் "வர்றேண்ணே" என்றாள். என்னிடம் "உடம்பைப் பாத்துக்கங்க" என்றாள்.

இருக்கச் சொல்ல வாய் வரை வந்தது. "செருப்பைத் துடைச்சுப் போட்டுக்கோ" என்றேன்.

பழைய விசிறியை என் தையல் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான்கு திருகுகளும் பக்கத்தில், கண்டபடி இறைத்து.

ஏப்ரல் 19

போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ரிப்பேர்க்காரர். திருப்புளி ஒன்றை இங்கே மறந்துவிட்டாராம்.

மே 3

வீட்டில் இரைச்சல் இல்லை. பிற்பகலில் தூக்கமும் இல்லை.

விசிறியை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் சுற்றும். திறக்கவில்லை. இறக்கைகளில் தூசி படிய ஆரம்பித்திருக்கிறது. இன்று காலை எண்ணிப் பார்த்தேன், ஏழிலும்.

துடைக்கவில்லை.