மேட்டு வளைவில் சிக்னல்

கோவையில் வேலை பார்க்கும் கணவன் ஜெர்சன் இன்றைய முதல் பஸ்ஸில் அரவேணுவுக்கு வருகிறான். டீ ஃபேக்டரிக்குக் கிளம்பும் முன் ஐவி ஒரு சீட்டு எழுதி ஃபிளாஸ்க்கின் அடியில் வைத்தாள்.

“ஏனுங்க, காப்பி சூடா இருக்குது. குழம்பைக் காய வெச்சுக்கோங்க. பேங்க்ல கேட்டேன். கிரெடிட் கார்டு பணம் அந்த ஒரு மாசம் லேட்டானதுல சிபில் ஸ்கோர் இறங்கிருச்சாம், அதான் லோன் தரலை. ரெக்கார்டுல மூணு வருசம் தெரியுமாம். தவறாமக் கட்டிட்டு வந்தா மெல்ல ஏறிருமாம். கோயமுத்தூர்ல ஊடு வாங்கி ஒண்ணா இருக்கறது அதுவரைக்கும் தள்ளிப்போகுது. பொறுப்பில்லாதவள்னு திட்டுனீங்க, வாங்கிக்கிட்டேன்.”

கதவுவரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்.

“கடைசித் தேதிக்குப் போன்ல கட்டத்தானுங்க மழையில மேட்டு வளைவுக்கு ஏறினேன். சிக்னல் அங்கதானே கிடைக்குது. போய் நின்னதும் நீங்க கூப்பிட்டீங்க. பேசிப் பேசியே சார்ஜ் தீர்ந்துருச்சு. அப்புறம் மரம் விழுந்து ஒரு வாரம் கரண்டே இல்லை.

சாயங்காலம் அந்த வளைவு வழியாத்தான் வருவேன். இன்னும் திட்டறதுன்னா அங்க வந்து நின்னு திட்டுங்க.”