பதிவேட்டில் என் கையெழுத்து

பிப்ரவரி 29

மாதக் கடைசி. வார்டின் மருந்துத் தவறு பதிவேட்டில் ‘இம்மாதம் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடமாக இதே வரி. செஞ்சியிலேயே தப்பே செய்யாத நர்சுகள் நாங்கள்தான் போலிருக்கிறது! எழுதும்போதே கூசியது.

மார்ச் 12

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

மூன்றாம் கட்டில் ராஜமதி அம்மா. மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பம். சர்க்கரை, காலில் புண். காலையில் சேர்ந்ததுமே சொன்னார்: “பொழுது சாஞ்சா பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டேம்மா.” தலையாட்டினேன். ஐந்தரைக்கே சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்ததையும் பார்த்தேன்.

ஏழரைக்கு இன்சுலின் போட்டேன். ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை இருட்டில் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சீட்டில் ‘இரவு, சாப்பாட்டுக்கு முன்’ என்று இருந்தது, டிக் அடித்தேன். எந்தச் சாப்பாடு? எட்டரைக்கு உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறல். சர்க்கரை முப்பத்தெட்டு. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார்.

எல்லாம் தெரிந்தும் போட்டேனே — சீ.

மார்ச் 13

மகன் ரிஷபன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். “நீங்க இல்லன்னா எங்கம்மா இல்ல சிஸ்டர்.” வாங்கிக்கொண்டேன். சிரிக்கவும் செய்தேன்!

பதிவேட்டில் எழுதப்போகிறேன் என்று நர்சிங் சூப்பிரண்டு சுந்தராம்பாளிடம் சொன்னேன். “இன்னாத்துக்கு? பேஷண்ட் ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டாங்கன்னு எழுது. பொய்யா அது?”

பொய் இல்லை. அதுதான் கொடுமை. நோயாளி தலையிலேயே பழியைப் போட இவ்வளவு சுலபமாக ஒரு வாக்கியம். அதையே எழுதிவிடலாம் என்று பேனாவையும் திறந்துவிட்டேன், பிறகு மூடினேன்.

மார்ச் 14

நாளை டிஸ்சார்ஜ். வீட்டுக்குக் கொடுக்கும் சீட்டைப் பார்த்தேன். இன்சுலின், ‘இரவு, சாப்பாட்டுக்கு முன்’ — அப்படியே இருக்கிறது! வீட்டில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டால்? அங்கே யார் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்?

பழத்தைத் தொட முடியவில்லை.

மார்ச் 15

எழுதிவிட்டேன். நேரம், அளவு, அவர் சாப்பிட்ட நேரம், ‘போட்டது: பூங்குழலி’. பதிவேட்டையே டாக்டரிடம் நீட்டினேன். முகம் சுளித்தார். ஆனால் ‘மாலை ஐந்து, சாப்பாட்டுக்கு முன்’ என்று சீட்டை மாற்றிக் கொடுத்தார்.

ரிஷபனிடமும் சொன்னேன். புதுச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, “அன்னிக்கு பழத்த வாங்கிக்கினீங்களே?” என்றார்.



மார்ச் 30

என்னை வார்டிலிருந்து எடுத்து டோக்கன் கொடுக்கும் இடத்தில் போட்டு இரண்டு வாரம். சூப்பிரண்டு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாதது நல்லதுதான்.

மத்தியானம், வார்டில் என் இடத்துக்கு வந்த கலைமதி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, ஆறாம் கட்டில் மாத்திரைய ஏழாம் கட்டிலுக்குக் குடுத்துட்டேன். டாக்டர் பாத்துட்டாரு, ஒண்ணும் ஆகல. சூப்பிரண்டு எழுதாதன்றாங்க. எப்படிக்கா எழுதுறது?”

“நடந்தத எழுது.”

டோக்கன் மேஜையிலேயே நின்றபடி, என் வரிக்குக் கீழே எழுதினாள். கடைசியில் கொஞ்சம் தயங்கி, தன் பெயரையும் போட்டாள்.