கமராவுக்கை இருக்கு

2.7.1968
தேருக்கு நயினாதீவு போகிறோம். புதுப் பிலிம் வாங்கி வந்தேன். என் ரஷ்யக் கமராவுக்கு அடிமூடியைக் கழற்றித்தான் சுருளை இறக்க வேண்டும். அதற்கு முன் பிலிமின் முனையை நீள நாக்காக வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் பற்சக்கரத்தில் பிடிக்காது. புகையிலைச் சிப்பம் கட்டிய என் விரலுக்கு அது ஏலாது. மனுசி இராசேஸ்வரிதான் சட்டை தைக்கிற கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுத் தருவாள். ஒருநாளும் பிழை விட்டதில்லை.

ஆனால் தன்னை எடுக்க விடமாட்டாள். கலியாணத்தன்றே முகத்தைத் திருப்பினவள். இந்தமுறை எப்படியும் எடுக்க வேண்டும். அவளுடைய நெஞ்சு பற்றி டொக்டர் சொன்னதை அவளுக்குச் சொல்லவில்லை.

5.7.1968
கேட்டேன். "என்னத்துக்கு இப்ப திடீரெண்டு? சுவரிலை ஆணி அடிச்சுக் கொழுவவோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எத்தனை வியாபாரிகளை மடக்கினவன் நான் — கணக்குக் கொப்பியை எடுத்து விரித்தேன்.

9.7.1968
தேர். காலையில் அவளே பிலிம் போட்டு மூடித் தந்தாள். குறிகட்டுவானில் வள்ளம் ஏறியதும், "எடுங்கோவன். பிறகு மனவருத்தப்படாதேங்கோ" என்று சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இருந்தாள். நம்ப முடியவில்லை. ஒன்றல்ல, பல எடுத்தேன். சுருள் இன்னும் மிச்சம். முடியாத சுருளைக் கழற்றுவது வீண்செலவு. இருக்கட்டும்.

20.8.1968
இராசேஸ்வரி போய்விட்டாள். குசினியில். கேத்தில் கொதித்தபடி இருந்தது.

26.8.1968
கடை திறந்தேன். மண்ணெண்ணெய் வந்தது. யாரோ துக்கம் கேட்டார்கள். நான் அரிசி விலை சொன்னேன்.

1.9.1968
அவளுடைய தம்பி இராசநாயகம் வந்தான். "அத்தான், முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டு அடிக்க வேணும். அக்காவின்ரை படம்?"

தேவாரமும் அவள் வரலாறும் சேர்த்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற புத்தகம். முதல் பக்கம் படத்துக்கு.

"கமராவுக்கை இருக்கு" என்றேன்.

பின்னேரம் விறாந்தைச் சுவரில் ஆணி அடித்தேன்.

4.9.1968
யாழ்ப்பாணம் போனேன். ஸ்ரூடியோக்கார மரியதாசன் இருட்டறைக்குள் போன கையோடு வெளியே வந்தார்.

"அண்ணை, ஒண்டுமில்லை. நாக்கு வெட்டாமல் போட்டிருக்கு. சுருள் அசையவேயில்லை. ஆர் போட்டது?"

கமராவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிலிம் நகர்ந்தால் மேலே உள்ள குமிழும் சேர்ந்து சுற்றும். அன்றைக்கு நான் குமிழையா பார்த்தேன்? அவளைத்தான் பார்த்தேன்.

5.9.1968
மறந்திருப்பாளோ? அவளா?

டொக்டர் சொன்னது தெரிந்திருக்குமோ?

எடி, எல்லாம் தெரிஞ்சோ அப்பிடி ஆடாமல் அசையாமல் இருந்தனீ —

12.9.1968
"சின்னக்காவிலை அக்காவின்ரை முகம் அப்பிடியே இருக்கு" என்கிறான் இராசநாயகம், இராசேஸ்வரியின் தங்கையை நினைத்து. "அவவை இருத்தி, படம் கீறுற ஒரு ஆளைக் கொண்டு கீறுவிப்பம்."

"வேண்டாம்."

"படமில்லாத கல்வெட்டோ? சனம் கஞ்சன் எண்டு சிரிக்கும், அத்தான்."

"அது முந்தியும் சொல்லுற சனந்தானே."

19.9.1968
அந்தியேட்டி முடிந்தது. கல்வெட்டின் முதல் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு, கீழே அவள் பெயர். இரண்டொருவர் படம் எங்கே என்று புரட்டிப் பார்த்தார்கள்.

எல்லோரும் போனபின் விறாந்தை ஆணியைப் பிடுங்கினேன். வளையவில்லை. கடைப்பெட்டியில் போட்டேன்.