ஆற்றங்கரையில் ஒரு பாய்லர் ஆபரேட்டர்

விடிவதற்குள் வீட்டையே கிளப்பிவிட்டு, எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிட்ட என் அம்மாவே,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். எனக்கே கொஞ்சம் எரிச்சல் வரும் அளவுக்கு நன்றாக இருக்கிறார்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. கார்த்திகையில் நீ கண்ணை மூடியதும் நைனா காது மெஷினைக் கழற்றி அலமாரியில் போட்டார். டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். நாஷ்டா வைத்தால் அப்படியே ஆறும். நான் கத்துவேன். கேட்காத காதில் கத்தி என்ன பிரயோசனம்?

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு ஒடிசாவில் வேலை வந்தது. புது பிளான்ட், முதல் தடவை ஓட்டிப் பார்த்து நிலைநிறுத்த வேண்டும், ஒரு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். மீட்டர், சென்சார் என்று நான் படித்த இன்ஸ்ட்ருமென்டேஷனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது. போக ஆசை. ஆனால் நான் ஒரே பிள்ளை. இப்படி உட்கார்ந்திருக்கும் மனுஷனை விட்டுவிட்டு எப்படிப் போவது, நீயே சொல். பதில் சொல்ல அவகாசம் கேட்டேன். நைனாவிடம் மூச்சு விடவில்லை.

டாக்டர் நடக்கச் சொன்னார். கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் கூட்டிப்போனேன். லாரிகள் உரசிக்கொண்டு போயின. வாயெல்லாம் புழுதி. பாதியிலேயே திரும்பிவிட்டோம். உன்னோடு பேக்கிங் செக்‌ஷனில் இருந்த லில்லி அக்கா இதைக் கேள்விப்பட்டு, பொன்னேரி தாண்டி ஆரணியாற்றை ஒட்டியிருக்கும் காப்புக்காட்டுக்கு வரச் சொன்னார். ஞாயிறு காலையில் அவரும் இன்னும் சிலரும் அங்கே நடந்து பறவை பார்ப்பார்களாம். கொக்கைப் பார்க்க இவ்வளவு தூரமா என்றுதான் நினைத்தேன். வேறு வழி தெரியாமல் போனேன்.

என் நடையைத்தான் உனக்குத் தெரியுமே. நான் முன்னால் போகப் போக, கரையில் இருந்ததெல்லாம் பறந்தது. லில்லி அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, நீ இன்னா லைன் செக் பண்ண வந்தியா? மெதுவா நட."

நைனா நடக்கவே இல்லை. நாணல் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். இங்கேயும் வந்து டிவி முன்னால் உட்கார்ந்த மாதிரிதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கை எழுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினார். அந்தத் திசையில் எல்லோரும் குனிந்து பார்த்தோம். நாணல் அடியில், சேற்றோடு சேறாக, கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்ட ஒரு பறவை. மயில் உள்ளான் என்றார் லில்லி அக்கா. இத்தனை காலம் இங்கே வந்தும் அவர் பார்த்ததில்லையாம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நைனா பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை ஷிஃப்ட் முழுக்கப் பார்த்தே வேலை செய்தவர். மட்டம் இறங்கினால் பாய்லரே போய்விடும், கண்ணை எடுக்க முடியாது. அவருக்கா ஆற்றைப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும்?

அந்தக் கைச் சைகைகளும் பாய்லர் ஹவுஸில் இருந்து வந்தவைதான். அந்த இரைச்சலில் யார் குரலும் யாருக்கும் கேட்காதாம், எல்லாம் கைதான். உள்ளங்கை கீழே போனால் தண்ணீர் குறைகிறது. கட்டைவிரல் மேலே போனால் பிரஷர் ஏறுகிறது. பேசக் கூடாத இடத்தில் இதைவிட வசதி உண்டா? இப்போது உள்ளங்கை என்றால் 'அடியில் பார்', கட்டைவிரல் என்றால் 'பறக்கப் போகிறது'. அவர் விரலைத் தூக்கினால் அடுத்த நொடி அது பறக்கிறது. எந்த சென்சாரும் அவ்வளவு சரியாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. லில்லி அக்காவின் கூட்டம் முழுக்க இந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டது. பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் நீர்க்காகத்தைப் பார்த்துப் 'பிரஷர் ஏறுது' என்று கை காட்டுகிறார், அம்மா. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஒருநாள் நைனா என் பக்கம் தலையை ஆட்டி, இரண்டு விரலை மேலே படபடவென்று தட்டிக் காட்டினார். லில்லி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அது எனக்குத் தெரிந்த சைகை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்படியிலிருந்து நீ அவருக்குக் காட்டுவாயே, அதே சைகை. பையனுக்குப் பசி என்று சொல்கிறாய் என நினைத்திருந்தேன். என்ன அர்த்தம் என்று கையை விரித்துக் கேட்டேன்.

"பிரஷர் தாங்காம சேஃப்டி வால்வு தூக்கிக்கிச்சுடா. நீ மூஞ்ச தூக்கிக்கினு வந்தா உங்கம்மா அதான் காட்டுவா."

இது நியாயமா? என் முதுகுக்குப் பின்னால் இன்னும் என்னவெல்லாம் பேசிக்கொண்டீர்கள்? கோபப்படத்தான் நினைத்தேன். முடியவில்லை. நீ போன பிறகு அவர் உன்னைப் பற்றி வாய்விட்டுச் சொன்ன முதல் பேச்சு அது. சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மீன்கொத்தியின் குரல் கேட்க வேண்டுமென்று காது மெஷினை மாட்டிக்கொண்டார். வார நாளிலும் தானே டிரெயின் பிடித்துப் பொன்னேரி போகிறார். கரண்டிவாயன் பறவைக் கூட்டம் வந்த அன்றைக்கு எனக்கு வேலை நேரத்தில் போன் மேல் போன். உப்புமாவில் உப்பு இல்லை என்று பழையபடி குற்றம் சொல்கிறார். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா, அந்தக் குற்றத்தைக் கேட்க?

ஒடிசாக்காரர்கள் முடிவைக் கேட்டு நெருக்கினார்கள். போன ஞாயிறு ஆற்றங்கரையில் வைத்துச் சொல்லிவிட்டேன். தண்ணீருக்கு மேல் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று சிறகடித்து ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்றிருந்தது. நைனா கண் அதன்மேல்.

"நைனா, ஒரு வருஷம் ஒடிசா போவச் சொல்றாங்கோ. நீ தனியா இருந்துக்குவியா?"

அவர் திரும்பவில்லை. கையைத் தன் நெஞ்சில் வைத்தார். பிறகு அந்தக் கையையே நாங்கள் வந்த வழிப் பக்கமாக நீட்டினார். அது நான் பார்த்திராத சைகை.

"இன்னா அது?"

"ஷிஃப்ட் மாத்துறப்போ காட்றது. சார்ஜ் நான் எடுத்துக்கினேன், நீ கெளம்பு."

நான் அப்படியே நின்றேன். செருமினேன். மீன்கொத்தி பறந்துவிட்டது.

"கெளம்புன்னா கெளம்பணும்டா" என்றார். "நின்னுக்கினு என் குருவிய ஓட்டாத."

டிக்கெட் போட்டுவிட்டேன், அம்மா. அங்கேயும் ஓர் ஆறு இருக்கும். வாரம் ஒருநாள் அதன் கரையில் போய் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன். பார்த்ததை வீடியோ காலில் அவருக்குக் கையாலேயே சொல்வேன், அவர் தப்பைத் திருத்தட்டும். எதையும் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் பார்த்திராத பிள்ளை கொடுக்கும் வாக்கு இது. நம்பு.

உன் ஒரே மகன்,
குமரேசன்