தேடினால் ‘இல்லை’

ஆகஸ்டு 19, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். நூலகத்தில் இரண்டு மின்விசிறி ஓடவில்லை.

தலைமை நூலகர் அம்மா கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். வாசகர் கூடத்துக் கணினியில் தேடி ‘இல்லை’ என்று பதில் வந்த சொற்கள். புத்தகம் இருந்தும் ஆட்கள் வெறுங்கையோடு போகிறார்களாம். சனங்கள் பேசுகிற சொல்லையும் அட்டவணையில் ஏற்ற வேண்டுமாம். இருபத்தாறு வருசமாக அட்டவணை போடுகிறவனுக்குப் பாடம்.

சுகர் – இல்லை. (நீரிழிவு என்று போட்டிருக்கிறேன். அதுதானே தமிழ்?)
பேங்க் பரிச்சை – இல்லை.
தீட்டு நிக்கல – இல்லை.

கடைசியைப் பார்த்ததும் எரிச்சல். தீட்டாம் தீட்டு. எந்தக் காலத்தில் இருக்கிறார்கள்? ‘மாதவிடாய்’ என்று பதினோரு புத்தகம் இருக்கிறது, இந்தச் சொல்லை மட்டும் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வாங்க: புளி, தீப்பெட்டி. வருகிற சஷ்டிக்கும் குன்றக்குடி கோயிலுக்கு வரவில்லை என்கிறாள் என் வீட்டுக்காரி வள்ளி. இப்படிச் சொல்வது இதோடு மூன்றாவது மாதம். கேட்டால் முழங்கால் வலி.

20, புதன்
மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

தாளில் தேதியும் நேரமும் இருப்பதை இன்றுதான் கவனித்தேன். ‘தீட்டு நிக்கல’ ஒரு தடவை இல்லை. ஐந்து. எல்லாம் சனிக்கிழமை, மதியம் ஒன்றேகால் வாக்கில். ஒன்றில் ‘ரெண்டு மாசமா தீட்டு’ என்று இருக்கிறது. அதற்கும் இல்லை.

ரெண்டு மாசமா? கவுண்டரில் வாய்விட்டுக் கேட்க முடியாத யாரோ ஒருத்தி. யாரென்று பார்க்க வேண்டும்.

23, சனி


ஒரு மணிக்கே அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். கூடத்தில் ஒருத்தரும் இல்லை. ஒன்றேகாலுக்கு வந்தது வள்ளி. சனிக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிற தூக்குவாளியைக் கீழே வைத்தாள். கணினி முன் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினாள். திரையைப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஆனி மாசமே சொன்னேனே, தீட்டு நிக்கலன்னு. தீட்டுன்னு சொல்லாத, மாதவிடாய்னு சொல்லுன்னீக. அம்புட்டுத்தான் கேட்டீக.”

நான் அப்படிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ‘நிக்கல’ காதில் விழவே இல்லை. பாவி.

“போன்ல தேடுனா புத்துநோய்ங்குது. உங்க மிசினாவது வேற சொல்லும்னு பாத்தேன்” என்றாள்.



25, திங்கள்
ஆஸ்பத்திரி. டோக்கன் 41.

டாக்டரம்மா வள்ளியின் இமையை இழுத்துப் பார்த்தார். இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருக்கிறதாம். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றார். நூலகத்தில் வேலை என்று உளறினேன்.

ஸ்கேன் சீட்டில் ‘தொந்தரவு’ என்று ஒரு கட்டம். என்னையே எழுதச் சொன்னாள் நர்ஸ். ‘மா’ எழுதி அடித்தேன். வள்ளி சொன்னபடியே எழுதினேன். தீட்டு நிக்கல.

தலைமை நூலகருக்குப் போன். அந்தச் சொல்லை இன்றைக்கே ஏற்றிவிடச் சொன்னேன்.

வள்ளியை ஸ்கேனுக்கு உள்ளே கூட்டிப்போய் முக்கால் மணி ஆச்சு, இன்னும் வெளியே வரவில்லை. முன்னால் போனவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.