நீ போட்ட அட்டவணையும் நான் போட்டதும்

என் பிரியத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உரிய மச்சானுக்கு,

நீ மாரடைப்பில் போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை. செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படும் ஆளை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?

சாயங்காலமானால் சிதம்பரத்திலிருந்து உன் போன் வந்துவிடும். உன் தங்கை, அதுதான் என் மனைவி, கணக்கு டீச்சர் வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு அட்டவணைக்கு நான்கு எழுத்துகளை மேலேயும் பக்கத்திலும் எழுதச் சொல்லி, எதோடு எது சேர்ந்தால் எது வரும் என்று உள்ளே நிரப்ப வேண்டியதை வரிசை வரிசையாகச் சொல்வாய். அதில் சமனி எது, எதோடு எது சேர்ந்தால் அந்தச் சமனி வரும், அதாவது எதற்கு எது எதிர்மறை என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். டயர் கடை வைத்திருக்கும் நான், செம்மண்டலத்து வீட்டில் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருப்பேன்.

நீ போனபின் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. பரீட்சையோ நெருங்கிவிட்டது. "யாரு எனக்குக் கணக்கு குடுப்பா? நான் எழுதலங்க" என்று சொல்லிவிட்டாள். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு என்ன தெரியும்?

இருந்தாலும் உன்னைத் தோற்கடிக்க வேண்டும் என்றே போன வாரம் ஒரு அட்டவணை போட்டேன். சமனி எதனோடு சேர்ந்தாலும் அதை அப்படியே விட்டுவிடும் என்று நீங்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அதனால் மூன்றாவது வரிசையில் மேலே இருந்த எழுத்துகளை அப்படியே இறக்கி எழுதினேன். மற்ற கட்டங்களில் கைக்கு வந்த எழுத்து.

அவளிடம் நீட்டினேன். வாங்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள்.

"குறுக்க சரியாத்தான் இருக்கு. நெடுக்க பாத்தீங்களா? இந்தப் பக்கம் சேத்தாலும் அந்தப் பக்கம் சேத்தாலும் அப்படியே வந்தாத்தான் சமனி. இதுல சமனியே இல்ல. அப்புறம் எதிர்மறைய எங்க போயித் தேடுறது?"

"தப்பா?"

"அண்ணன் இப்படிப் போட்டிருக்காது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நீ போனபிறகு இப்போதுதான் சிரிக்கிறாள், மச்சான். பிறகு பேனாவை எடுத்து, "இப்படி உக்காருங்க, சொல்லித் தரேன்" என்றாள்.

இப்போது தினமும் எனக்குப் பாடம் நடக்கிறது. சொல்லிக்கொடுப்பதற்காக அவளும் புத்தகத்தைப் புரட்டுகிறாள். நான் மெதுவாகத்தான் புரிந்துகொள்கிறேன், கொஞ்சம் வேண்டுமென்றேயும்.

பரீட்சைக்கு அவளை என் வண்டியில் கூட்டிக்கொண்டு போவேன், இது சத்தியம். கேள்வித்தாளைப் பிரிக்கும்போது அவள் உன்னைத்தான் நினைப்பாள். நினைக்கட்டும். வெளியே வந்ததும் எப்படி எழுதினாள் என்று முதலில் கேட்கப் போவது நான்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன்